டப்ளினுக்குக் கிளம்பிய கம்பெனிப் பை

“மேடம், மாரியம்மாங்கிறது உங்க பாசஞ்சரா? அவங்க கைப்பையில வெடிமருந்து இருக்குன்னு மெசின் சொல்லுது.”

டிக்கெட்டில் இருந்த என் நம்பருக்குத் திருவனந்தபுரம் விமான நிலையத்திலிருந்து பாதுகாப்பு அதிகாரி பேசினார். சாத்தூர் பஸ் ஸ்டாண்டு எதிரே அத்தனை வருடம் டிக்கெட் ஏஜென்சி நடத்தியதில் அப்படியொரு போன் வந்ததே இல்லை.

மாரியம்மா ஏழாயிரம்பண்ணையில் பட்டாசுக் கம்பெனி வேலைக்குப் போகிறவள். மகள் டப்ளினில் நர்ஸ். மறுநாள் காலை மகளுக்குப் பிரசவ ஆபரேஷன். மாப்பிள்ளைக்குக் கப்பல் வேலை, நடுக்கடலில் இருந்தார். விசா கடைசி நேரத்தில்தான் வந்தது. இந்த விமானத்தை விட்டால் அந்தப் பெண் தனியாகத்தான் பிள்ளை பெற வேண்டும்.

டிக்கெட் எடுக்க வந்தபோது மாரியம்மா, “எம்புட்டுத் தூரம்க்கா?” என்று கேட்டாள்.

“எட்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். அபுதாபில மாறணும். எல்லாஞ் சேத்து பதினாறு மணி நேரம்.”

“அம்புட்டுத்தானா? திருச்செந்தூர் சூரசம்ஹாரத்துக்குப் போனா வரிசையில நிக்கவே அம்புட்டு நேரமாகுமே!”

கடையே சிரித்தது.

“என்ன பை சார் அது?” என்று அதிகாரியிடம் கேட்டேன். சிவப்புப் பை, பட்டாசுக் கம்பெனி பெயர் போட்டிருக்கிறது என்றார். விஷயம் விளங்கிவிட்டது. தீபாவளி போனஸோடு கொடுத்த பை. சீசன் முழுக்க அதில்தான் தூக்குவாளி கொண்டுபோவாள். எங்கள் பக்கத்தில் வேலைக்கும் அதே பை, கல்யாண வீட்டுக்கும் அதே பை. அலசிக் காயப்போட்டால் சுத்தம் என்பது எங்கள் கணக்கு. மெசினுக்குத் துளித் தூசி போதுமே!

“பட்டாசுத் தொழிலாளி சார் அவ. கம்பெனி அடையாள அட்டை பர்ஸுல இருக்கும், பாருங்க” என்றேன்.

அதற்குள் மாரியம்மா போனைப் பிடுங்கிவிட்டாள். “அக்கா, துணிமணிய உதறிக் காட்டிட்டேன். காராச்சேவப் பிரிச்சு, சாரையும் ஒரு வாய் தின்னு பாக்கச் சொன்னேன். மாட்டேங்காரு! பிளேன் போயிருமாக்கா?”

அதிகாரி சிரித்துவிட்டார். அட்டையைப் பார்த்தார்கள். பொருளையெல்லாம் ஒவ்வொன்றாகச் சோதித்து, அங்கேயே வாங்கிய புதுப் பையில் மாற்றிக்கொடுத்தார்கள். சிவப்புப் பை அங்கேயே தங்கிவிட்டது. கடைசி ஆளாக ஓடி ஏறினாள்.

மறுநாள் சாயங்காலம் வீடியோ காலில் வந்தாள். “பொம்பளப் பிள்ளைக்கா! ஆபரேஷனுக்கு உள்ள போறவரைக்கும் எம்மக எங்கைய விடவே இல்ல. நர்சம்மா மொத ஆளா எங்கிட்டதான் பிள்ளையக் குடுத்தாக!”

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கடையில் இருந்த எல்லோருக்கும் டீ சொன்னேன்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அன்றிலிருந்து தூரம், நேரம் சொல்லுமுன் “எந்தப் பையில போறீக?” என்றுதான் நான் கேட்பேன். முறைத்தவர்களும் உண்டு. முறைத்தால் முறைக்கட்டும். ஸ்கிரீனில் இருக்கும் மணிக்கணக்கை யாரும் படித்துச் சொல்லலாம்; பெற்றவளைப் பேறுகாலத்துக்கு முன் கொண்டுபோய்ச் சேர்ப்பது நம் வேலை.