பெரியப்பாவின் அவரைப் பந்தல்

நேற்று ஜன்னல் வலையில் ஒட்டியிருந்த பச்சைக் கண்ணாடிச் சிறகுப் பூச்சியைத் தொட்டுவிட்டேன். விரலில் ஏறிய அந்தக் கெட்ட நாற்றம் என்னை நேராகக் கும்மிடிப்பூண்டிக்கு, இன்று ஏதோ கம்பெனி ஷெட் நிற்கும் இடத்தில் எழுபதுகளில் படர்ந்திருந்த பெரியப்பாவின் அவரைப் பந்தலுக்குக் கொண்டுபோனது.

பெரியப்பா பூச்சிகளிலும் சாதி பார்த்தவர். தேனீ உயர்ந்தது, பட்டாம்பூச்சி பரவாயில்லை, நாறுகிற இது மட்டும் ஈனப் பிறவி. இலைக்கடியில் மயிரிழைக் காம்புகளின் நுனியில் அது வைத்த முட்டைகளைத் தோள்துண்டால் அடித்து உதிர்ப்பார். அதன் புழு, தண்டில் கறுப்பாக அப்பியிருந்த செடிப்பேன் என்கிற அசுவினிகளை ஒவ்வொன்றாகக் கவ்வி உறிஞ்சிவிட்டு வெறும் தோலைப் போட்டுப் போவதை நானும் பெரியம்மாவும் எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம்.

"அது செடிப்பேனைத்தானே துன்னுது? உங்கள இன்னா பண்ணிச்சி?" என்றாள் பெரியம்மா.

"நாத்தம் புடிச்சதுக்கு நீ வக்கீலா? போய் வேலையப் பாரு" என்றவர், மடிப்புக் கலையாத வேட்டியோடு, துணியில் மூட்டையாகக் கட்டிய டிடிடி பவுடரைப் பந்தல் முழுக்கத் தட்டினார்.

கொஞ்ச நாளில் அசுவினி மட்டும் திரும்பி வந்தது. தின்ன ஆளில்லாமல் பெருகி, பூவையும் பிஞ்சையும் கருக்கியது. விதை சரியில்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

அந்தப் பொங்கலுக்குப் பொன்னேரிச் சந்தையில் அவரைக்காய் வாங்க வேண்டியதாயிற்று. பொரியலை மென்றபடி, "இன்னா இருந்தாலும் நம்ம பந்தல் காய் ருசி வராது" என்றார் அந்த மனிதர். பெரியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது.