பெரியப்பாவுக்குக் குணமான கதை

பெரியப்பாவுக்கு மூளை கலங்கிவிட்டது என்று முடிவு செய்ய அந்த டாக்டருக்கு ஐந்து நிமிடம் போதுமாக இருந்தது. இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

கோலார் தங்கவயலில் சுரங்க வேலை பார்த்தவர் அவர். சுரங்கத்தை மூடிய பிறகு ஒக்கலிபுரத்தில் எங்களோடு வந்து தங்கிவிட்டார். எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது எங்கள் பக்கம் மெட்ரோவுக்காகப் பூமியைக் குடைந்தார்கள். அவ்வப்போது வீடு அதிரும். நாங்கள் திட்டிவிட்டு எங்கள் வேலையைப் பார்ப்போம். பெரியப்பா மட்டும் அடுப்பை அணைத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு, குடைகிற இடத்துத் தகரத் தடுப்புக்கு முன்னால் போய் நிற்பார். உள்ளே போன ஷிப்ட் ஆட்கள் மேலே வரும்வரை சோறு தண்ணீர் கிடையாது.

ஒருநாள் கல்லில் என் தோசை பாதி வெந்திருக்கும்போது அணைத்துவிட்டுப் போனார். அன்றைக்கே அங்கிருந்த காவலாளி வீடு தேடி வந்து போலீஸில் சொல்வேன் என்று மிரட்டினான். அப்பாவுக்கு மானம் போய்விட்டது. மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். பள்ளிக்கூடம் லீவு என்பதால் என்னையும் இழுத்துப் போனார்கள்.

டாக்டருக்குத் தமிழ் தெரியாது. ஏன் போய் நிற்கிறார் என்று அப்பாவிடம் கன்னடத்தில் கேட்டார். பதில் சொன்னது பெரியப்பாதான்.

“கீழ ஆளுங்க இருக்காங்க சார். பூமி ஆடுச்சுன்னா, எல்லாரும் மேல வர்ற வரைக்கும் நிக்கணும் இல்ல?”

“கெளகடே ஜன இத்தாரந்தே சார்,” என்றார் அப்பா. கீழே ஆட்கள் இருக்கிறார்களாம், அவ்வளவுதான். டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டே எழுதினார்.

தங்கவயலில் உள்ளே பாறை வெடித்து வீடுகள் ஆடினால், மொத்தக் குடியிருப்பும் அடுப்பை அணைத்துவிட்டுச் சுரங்க வாசலுக்கு ஓடும். கடைசி ஆள் மேலே வராமல் ஒருவரும் வீடு திரும்பமாட்டார்கள். அப்பாவும் சின்ன வயதில் அங்கே நின்றவர்தானே? அதைச் சொல்ல முடியாமல் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? அந்த மகாபுத்திசாலி டாக்டருக்காவது, நீங்கள் எந்த ஊர், என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்கத் தோன்றியதா? பெரியப்பாவைப் பார்த்தால் பயமா என்று என்னைக் கேட்டார். தோசைக் கோபத்தில் ஆமாம் என்று பலமாகத் தலையாட்டினேன். என்னையும் நான் மன்னிக்கவில்லை.

மாத்திரை நன்றாகவே வேலை செய்தது. இரண்டு வாரத்தில் பெரியப்பா கட்டிலோடு கட்டிலாகிவிட்டார். ஒரு மத்தியானம் வீடு பலமாக அதிர்ந்தது. அவர் கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

“நல்லாயிட்டாரு,” என்றாள் அம்மா. நானும் தெருவெல்லாம் அதைச் சொல்லித் திரிந்தேன். அந்த நேரத்தில் மண்ணுக்கடியில் இருந்தவர்களுக்காக மேலே நிற்க இவ்வளவு பெரிய ஊரில் ஒரே ஒருத்தர்தான் இருந்தார், அவரையும் நாங்கள் படுக்கவைத்துவிட்டோம் என்பது எனக்குத் தெரியவில்லை.