வெள்ளம் வராத ஞாயிற்றுக்கிழமை

குடைக்கடை ஹஸ்ஸானை யாங்கோனில் எல்லோருக்கும் தெரியும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கல்லூரிப் பையன்களின் கால்பந்து லீக்கை ஒருமுறையாவது எட்டிப் பார்த்தவருக்கு அவரைத் தெரியாமல் இருக்க வழியே இல்லை. சரி, பெருமையாகத்தானே தெரியும் என்று கேட்டால், அங்கேதான் இடிக்கும். ஊர் அவருக்கு வைத்திருந்த பெயர் 'யே சயா'. பர்மியத்தில் யே என்றால் தண்ணீர், சயா என்றால் வாத்தியார். தண்ணி வாத்தியார்! ஐம்பத்து நாலு வயசு மனுஷனுக்கு இது தேவையா?

பெயர் வந்த கதை இதுதான். வாலிபத்தில் ஹஸ்ஸான் அலோன் படகுத்துறையில் மூட்டை எண்ணும் குமாஸ்தா. வேலை முடிந்ததும் கால்பந்து. நடுக்களத்தில் அவரும் மைக்கேல் என்ற தோழரும் நின்றால் எதிரணிக்கு மூச்சு முட்டும் என்பார்கள். எண்பத்தெட்டில் கல்லூரிகள் மூடின, ஊரில் எல்லா லீக்கும் நின்றது. திறந்தார்கள், மறுபடி மூடினார்கள். ஹஸ்ஸான் மாமனாரின் குடைக்கடையில் உட்கார்ந்தார். இரண்டாயிரத்தில் கல்லூரிகள் மறுபடி திறந்தபோது, ஆற்றுக்கு அக்கரையில் டாலாவில் இருந்த ஒரு சின்னக் கல்லூரி தானும் அணி சேர்க்கப் போகிறேன் என்றது. தினமும் படகு ஏறிப் போய்ச் சும்மா பயிற்சி கொடுக்க எந்தப் பைத்தியக்காரன் வருவான்? ஹஸ்ஸான் போனார்.

போய்ப் பார்த்தால், மைதானமா அது! ஓடைக்கரையில் பள்ளத்தில் கிடந்தது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி கடலின் ஏற்றம் ஆற்றில் வந்தால் மதகு வழியாகத் தண்ணீர் ஏறி, இரண்டு மணி நேரம் கணுக்கால் ஆழம் நின்றுவிட்டு இறங்கும், மணல் கலந்த தரை உடனே இறுகிவிடும். வேறொருவராக இருந்தால் தலையில் கை வைத்திருப்பார். ஹஸ்ஸானுக்கோ வாயெல்லாம் பல்.

ஏனென்றால் படகுத்துறையில் கற்ற கணக்கு அவர் கையில் இருந்தது. இன்றைக்குப் பிறை எத்தனை என்று தெரிந்தால் போதும், ஏற்றம் எத்தனை மணிக்கு என்று சொல்லிவிடுவார். ஒரு நாளைக்கு முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகமாகத் தள்ளிப்போகும், அவ்வளவுதான். லீக் விதிப்படி சொந்த மைதானத்தில் ஆடும் அணியே நாளும் நேரமும் குறித்துப் பத்து நாளைக்கு முன் கடிதம் கொடுக்கலாம். முழங்காலுக்குத் தண்ணீர் வந்தால்தான் ஆட்டம் நிற்கும். கணுக்கால் தண்ணீர் என்றால் ஆடித்தான் ஆக வேண்டும். நகரத்துப் பையன்கள் தரையோடு பந்தைத் தள்ளுவார்கள், அது இரண்டு முழம் போய்த் தண்ணீரில் உட்கார்ந்துகொள்ளும். டாலாப் பையன்கள் பந்தைத் தூக்கித் தூக்கி அடித்துக் கோல் போட்டுவிட்டுக் கைதட்டுவார்கள். இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு லீக்கில் சொந்த மைதானத்தில் ஆறு ஆட்டம், ஆறிலும் வெற்றி!

வெளியே போனால்தான் சங்கடம். காய்ந்த மைதானங்களில் ஏழு ஆட்டம். இரண்டில் வெற்றி, நாலு சமன், ஒன்றில் தோல்வி. தோற்றது மைக்கேலிடம். ஆமாம், அதே மைக்கேல்தான், இப்போது நகரத்துப் பெரிய கல்லூரிக்குப் பயிற்சியாளர். அன்றைக்கு அவர்கள் ஆட்கள் தண்ணீர் பாட்டில்களைக் கோட்டோரம் கவிழ்த்து, "குளம் போதுமா, இன்னும் வெட்டணுமா?" என்று கூச்சல் போட்டார்கள். டாலாப் பையன்கள் தலையைக் குனிந்துகொண்டு படகேறினார்கள்.

மைக்கேல் கடைக்கே வந்து சீண்டினார். "ஹஸ்ஸான் பாய், நீங்க கப்பு ஜெயிச்சா எங்க வைப்பீங்க? ஆத்துலயா? ஜெயிக்கிறது அதுதானே!"

"போய்யா, வியாபார நேரத்துல வந்துட்டு" என்று ஹஸ்ஸான் சிரித்து மழுப்பினார். ஆனால் அந்த வார்த்தை நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. இரவு சாப்பாட்டில் கை வைக்காமல் மனைவி ஷிரினிடம் கேட்டார். "ஏன் ஷிரின், நான் நெசமாவே கோச்சுதானா? இல்ல, தண்ணியக் காட்டி ஏமாத்துறவனா?"

"சோறு ஆறுது, சாப்பிடுங்க" என்றாள் ஷிரின்.

கடைசி ஆட்டம் டாலாவில், மைக்கேலின் அணியோடு. அவர்கள் முப்பது புள்ளி, டாலா இருபத்தெட்டு. வென்றால் டாலாவுக்குக் கோப்பை, சமன் ஆனாலும் அவர்களுக்கு. ஹஸ்ஸான் பள்ளிவாசல் அறிவிக்கும் பிறைத் தேதியைக் குறித்துவைக்கும் கடைச் சுவர்க் காலண்டரைப் பார்த்தார், விரல் விட்டு எண்ணினார், ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி என்று கடிதம் எழுதினார். மூன்று மணிக்கு மைதானத்தில் தண்ணீர் ஏறத் தொடங்கும், ஆட்டம் முடியும்வரை நிற்கும். ஆற்றின் கோப்பையோ யாருடைய கோப்பையோ, முதலில் கைக்கு வரட்டும் என்று நினைத்தார். பையன்களிடம் நேரத்தைச் சொன்னபோது யாரும் வாயைத் திறக்கவில்லை. அணித் தலைவன் சபாபதி மட்டும், "சரி சயா" என்றான். அவன் அப்பா டாலாத் துறையில் சம்பான் என்ற சிறு படகு தள்ளுகிறவர்.

ஞாயிறு மதியம் ஹஸ்ஸான் படகில் அக்கரை போனார். ஒன்றரை மாதத்துக்குப் பிறகு போகிறார். வெளி ஆட்டங்கள் வரிசையாக வந்ததால், காய்ந்த தரையில் பழக்க வேண்டுமென்று பையன்களைத்தான் தினமும் இக்கரைக்கு வரவழைத்து, அலோனில் ஒரு கிடங்குக்குப் பின்னால் இருந்த திடலில் பயிற்சி கொடுத்தார். படகு மிதவையை ஒட்டியது. மிதவையிலிருந்து கரைக்கு ஏறும் பலகைப் பாலம் ஏணி மாதிரி செங்குத்தாக நின்றது.

இந்த நேரத்துக்கு ஆற்றில் தண்ணீர் பாதிக்கு மேல் ஏறியிருக்க வேண்டுமே! பாலம் படுத்துக் கிடக்க வேண்டுமே! பக்கத்தில் நின்ற பர்மியக் கிழவியிடம் பௌர்ணமி என்றைக்கு என்று கேட்டார். நேற்று என்றாள் அவள், பகோடாவுக்குப் போய்வந்த கதையையும் சேர்த்து.

அப்போதுதான் உறைத்தது. மழைக்காலம், மழை ஓய்ந்த நாளிலும் வானம் முழுக்க மேகம். இரண்டு மாதமாகப் பிறையை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. பிறை தெரியாவிட்டால் மாதத்தை முப்பதாக முடிப்பது முறை. பெருநாளுக்கும் நோன்புக்கும் அது சரி. ஆனால் வானத்து நிலா மேகத்தைப் பார்த்தா நிற்கும்? அது போய்க்கொண்டே இருந்தது. காலண்டரில் பதின்மூன்று, ஆற்றுக்குப் பதினைந்து. அவர் கணக்குக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் பிந்தித்தான் தண்ணீர் வரும். அதாவது ஆட்டம் முடிந்த பிறகு!

"யா அல்லா, என் புத்தியில இடி விழ!" என்று பாலத்தின் நடுவிலேயே நின்றுவிட்டார். பின்னால் ஏறியவர்கள் திட்டினார்கள். நேரத்தை மாற்ற வழியில்லை, பையன்களிடம் சொல்லவும் மனசு வரவில்லை. அதே படகில் மைக்கேலும் அவர் பையன்களும் வந்திருந்தார்கள்.

மைக்கேல் லேசுப்பட்ட ஆளா? இந்த ஆட்டத்துக்காகத் தன் மைதானத்தில் குழாயைத் திறந்துவிட்டு, இரண்டு வாரம் பையன்களைத் தண்ணீரில் ஆடவைத்துத் தயார் செய்திருந்தார். ஆக, கட்டாந்தரையில் ஒரு அணி இல்லாத தண்ணீருக்குப் பயந்தும், டாலா அணி சயா முன்பு சொன்ன திட்டத்தை மீறாமலும் பந்தை வானத்துக்கு அடித்துக்கொண்டிருந்த கண்கொள்ளாக் காட்சியை டாலா ஜனம் அன்று பார்த்தது. அப்படி வந்த ஒரு பந்து மைக்கேலின் உயரமான பையன் தலையில் பட்டு உள்ளே போனது. இடைவேளையில் டாலா பூஜ்யம், அவர்கள் ஒன்று.

ஹஸ்ஸான் பையன்களைச் சுற்றி உட்காரவைத்தார். "தம்பிகளா, கணக்கு தப்பிப்போச்சு. என் தப்புதான். தண்ணி வராது."

பதினோரு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அழுகிறார்கள் என்று நினைத்தார். அதற்குமேல் அவருக்குப் பொறுக்கவில்லை. முதல் பாதி முழுக்க ஏதோ கண்ணில் பட்டுக்கொண்டே இருந்ததே, என்ன அது? மைக்கேலின் பையன்கள் காலில் நீளமான ஆணி வைத்த பூட்ஸ்! சேற்றுக்கென்று போட்டு வந்த பூட்ஸில் அவர்களால் கட்டாந்தரையில் சட்டென்று திரும்ப முடியவில்லை. முதுகுக்குப் பின்னால் பந்து போனால் முடிந்தது கதை.

"பந்தைக் கீழ இறக்குங்க" என்றார். குரல் மாறியிருந்தது. "முழங்காலுக்கு மேல ஒரு பந்து போகப்படாது. அவங்க இடது கைப்பக்க ஆளு இருக்கானே, அவன் பின்னாடி தள்ளுங்க. தள்ளிட்டு ஓடுங்க. தண்ணிக்குள்ள ஓடின காலுடா உங்களுது, இந்தத் தரையில எவன் பிடிப்பான்?"

பிடிக்கத்தான் முடியவில்லை! ஐம்பத்தெட்டாம் நிமிடம் சபாபதி இடதுபக்க ஆளின் பின்னால் பந்தைத் தள்ளினான். அவன் திரும்புவதற்குள் டாலாப் பையன் ஓடிப்போய்க் குறுக்கே கொடுத்தான், கோல். ஒன்றுக்கு ஒன்று. அதன்பின் அரைமணி நேரம் பந்து தரையை விட்டு எழும்பவே இல்லை. கரையில் நின்ற சைக்கா என்ற சைக்கிள் ரிக்ஷா ஓட்டிகள் மணியை அடித்து அடித்துக் கை வீங்கினார்கள். மைக்கேல் கோட்டோரம் ஓடி ஓடித் தொண்டை கட்டிப்போனார். எண்பத்தாறாம் நிமிடம் ஐந்து பேர் கால்மாற்றிக் கொண்டுவந்த பந்தைச் சபாபதி பதற்றமே இல்லாமல் மூலையில் உருட்டிவிட்டான். இரண்டுக்கு ஒன்று! ஹஸ்ஸான் கையிலிருந்த குடையைத் தூக்கி எறிந்தார், அது யார் தலையில் விழுந்தது என்று இன்றுவரை தெரியாது.

விசில் ஊதியதும் மைக்கேல் நேராக வந்தார். முகம் சிவந்திருந்தது. "பாய், இன்னிக்கி ஆத்து மேல பழி போட முடியலய்யா. நீங்கதான் அடிச்சீங்க" என்று கட்டிப்பிடித்துக்கொண்டார்.

கோப்பையைப் பையன்கள் தோள் மாற்றித் தூக்கிக்கொண்டு ஆட, ஹஸ்ஸான் சபாபதியைத் தனியே இழுத்தார். "தம்பி, சயாவ மன்னிச்சிரு. கெழட்டுக் கணக்கை நம்பி உங்களைக் கவுக்கப் பார்த்தேன்."

சபாபதி தரையைப் பார்த்துச் சிரித்தான். "எங்களுக்குத் தெரியும் சயா."

"என்ன தெரியும்?"

"தண்ணி மூணு மணிக்கு வராதுன்னு. நீங்க நேரம் சொன்ன அன்னிக்கே தெரியும். நாங்க டாலா ஆளுங்க, தெனம் ஆத்தைத் தாண்டித்தானே உங்ககிட்ட வந்தோம்."

ஹஸ்ஸான் அவன் தோளைப் பிடித்து உலுக்கினார். "அடப்பாவிகளா! பத்து நாளா தெரிஞ்சும் ஏன்டா சொல்லல?"

"சொன்னா நீங்க நேரத்தை மாத்திருவீங்க. எல்லாரும் கூடிப் பேசினோம் சயா. தோத்தாலும் பரவாயில்ல, காஞ்ச தரையில ஆடிடுவோம்னு. எங்க சயா யாருன்னு அவனுங்க பார்க்கணும்ல?"

எண்பத்தெட்டில் லீக் நின்றபோது அழாத மனுஷன், மாமனார் கடையில் உட்கார்ந்த முதல் நாள் அழாத மனுஷன், கோல்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு விசும்பி விசும்பி அழுதார். சபாபதி என்ன செய்வதென்று தெரியாமல் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே நின்றான்.