ஒரே ஒரு மூடி

பெரம்பலூரில் மக்காச்சோளக் கதிரடிக்கும் மெஷின் செய்யும் பட்டறையில் கொஞ்ச காலம் வேலை பார்த்தேன். கை உள்ளே போகாதபடி கதிர் போடும் வாய்க்கு இரும்பு மூடி வைத்துத்தான் விற்க வேண்டும் என்பது சட்டம். வாங்குகிறவர்கள் வேலை மெதுவாகிறது என்று கழற்றச் சொல்வார்கள். இறக்கிய இடத்திலேயே கழற்றி, அடுத்த மெஷினுக்கு மாட்ட நானே எடுத்து வந்துவிடுவேன்.

குன்னத்தில் எங்கள் மெஷினில் ஒரு பெண்ணின் கை மணிக்கட்டோடு போனது. அவள் புருஷன் பட்டறைக்கு வந்தான்.

"மூடியோடதாம்ப்பா குடுத்தோம். ஒங்க ஊர்க்காரங்கதான் வேணாம்னாங்க" என்றார் முதலாளி.

"அது கெடக்கட்டுங்க. அந்த மூடியக் குடுங்க. நாளைக்கி என் தங்கச்சிதான் அதுல கதிர் போடணும்."

இருந்த ஒரே மூடி, ஏலாக்குறிச்சிக்குக் கிளம்பி நின்ற மெஷினில் இருந்தது. அதைக் கழற்றி அவனிடம் கொடுத்தேன். மெஷின் மூடியில்லாமல் டிராக்டரின் பின்னால் போனது.