எல்லை வந்தால் திரும்பும் குதிரை

கந்தர்வக்கோட்டைக்குத் தெற்கே, கண்மாய்க்கரை முடிந்து பொட்டல் தொடங்கும் இடத்தில் அந்தச் செம்பழுப்புக் குதிரை நின்றது. பிறகு, யாரும் கடிவாளத்தை இழுக்காமலே, வந்த பக்கம் திரும்பிக்கொண்டது. மேலே இருந்த என் தோழி மறுபடி தெற்கே திருப்பினாள். அது மறுபடி வடக்கே திரும்பியது. வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்பும் குமாஸ்தாவின் நிதானம் அதில் இருந்தது.

முந்திரித் தோப்பு வைத்திருக்கும் தோழி, இரண்டு குதிரைகள் வாங்கியிருந்தாள். தோப்பிலிருந்து கண்மாய்க்கரைகள், தைல மரக்காடுகள் வழியாக அறந்தாங்கி வரை, சுற்றிப்பார்க்க வரும் ஆட்களைக் குதிரையில் கூட்டிப்போவது திட்டம். மறுவாரத்திலிருந்து ஆட்கள் வரவிருந்தார்கள். வழி பார்க்க நாங்கள் இருவரும் கிளம்பியிருந்தோம். சாதுவான இன்னொன்று எனக்கு.

விற்றவருக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் சிரிப்பு கேட்டது.

"பந்தய வண்டி இழுத்ததுல்ல தங்கச்சி? எல்லை வந்தா திரும்பணும்னு அதுக்குத் தெரியும்."

"இங்க எல்லைன்னு ஒண்ணுமே இல்லண்ணே. வெறும் பொட்டல்."

"ஓடுன தூரத்த வெச்சு நிக்கிது. சரிப்படலைன்னா சொல்லுங்க, வண்டியோட வாரேன். திருவிழாப் பந்தயம் வருது."

குதிரையின் முன்னங்காலில் பழைய வீக்கம் இருந்தது. தார் ரோட்டில் இன்னொரு பந்தயம் ஓடினால் அந்தக் கால் தாங்காது என்று கால்நடை டாக்டர் சொல்லியிருந்தார். தெரிந்துதான் வாங்கினாள்.

"பேசாம திருப்பிக் குடுத்துரு. ஒனக்கு வேற குதிரை கெடைக்காதா?" என்றேன்.

"எனக்குக் கெடைக்கும்டி. அதுக்கு வேற கால் கெடைக்குமா?"

பிறகு இறங்கி, பந்தயம் முடிந்தால் செய்வதைப் போல எல்லாவற்றையும் கழற்றினாள். சேணம் இல்லாத முதுகைத் துடைத்தாள், கால்களுக்குத் தண்ணீர் ஊற்றினாள், கொள்ளு வைத்தாள். வெயிலில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நாங்களும் புளிச்சோற்றைப் பிரித்தோம். தின்று முடித்ததும் குதிரையைத் தெற்கே பார்க்க நிறுத்திச் சேணம் கட்டினாள். அது தயங்காமல் நடந்தது. சாயங்காலம் வேறொரு கண்மாய்க்கரையில் குதிரை மறுபடி நின்றது; அது திரும்புவதற்கு முன்பே அவள் இறங்கிவிட்டாள்.

இப்போதும் அந்தப் பாதையில் ஓய்வெடுக்கும் இடங்களை அந்தக் குதிரைதான் முடிவுசெய்கிறது. பக்கத்திலேயே தைல மர நிழல் இருக்க, பொட்டலில் ஏன் நிற்கிறோம் என்று வருகிறவர்கள் கேட்கிறார்கள்.

"எல்லை வந்திருச்சுங்க" என்கிறாள்.

அவர்கள் இறங்கி, எல்லைக்கல் எங்கே என்று தேடுகிறார்கள்.