நாலு மணி மேட்ச்

எனக்கு உட்கார்ந்து பழக்கமில்லை. மதுரையில் இரண்டாம் டிவிஷனில் ஒன்பது வருஷம் ரைட் விங்கில் ஓடியவன். முதல் டிவிஷன் கிளப் ஒன்றுகூட ஏனென்று கேட்கவில்லை. முழங்கால் போனதுதான் மிச்சம். போடிக்குத் திரும்பியதும் கால்பந்துச் சங்கத்துக்குச் செயலாளர் ஆக்கினார்கள். நாற்காலியும் ரப்பர் ஸ்டாம்பும் கொடுத்தார்கள். மேஜைக்கு அடியில் கால் அது பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கும்.

வந்ததும் நான் போட்ட முதல் விதி இது: ஏழு பேர் சேராத அணிக்குப் பதினைந்து நிமிஷம்தான் கெடு, அப்புறம் எதிரணிக்கு வாக்ஓவர், ஆடாமலே ஜெயம். முன்பெல்லாம் வேண்டப்பட்ட டீம் வரும்வரை மற்றவர்களை வெயிலில் காயவிடுவார்கள். அப்படிக் காய்ந்தவர்களில் நானும் ஒருவன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

போன வருஷம் சிலமலை ஜீப் டிரைவர்கள் டீம் முதல்முறையாக அரையிறுதிக்கு வந்தது. அதன் கேப்டன் எனக்கு நாலைந்து வயது இளையவன். மதுரைக்குப் போகும் முன்னால் நானும் அவனும் ஒரே ஜீப்பில் மலை மேல் ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்கு ஏறி, சாயங்காலம் அதே ஜீப்பில் மைதானத்தில் குதித்தவர்கள். "இந்த வருஷத்தோட பூட்ஸைக் கழட்டிடுவேண்ணே. ஒரு பைனலாச்சும் ஆடிப் பாத்துறணும்" என்று என்னிடம் சொல்லியிருந்தான்.

மேட்ச் சனிக்கிழமை நாலு மணிக்கு என்று நான்தான் அடித்து ஒட்டினேன். மதுரை ரெஃப்ரிகளுக்கு அந்த நாள்தான் தோதுப்பட்டது. காய் எடுக்கும் மாதங்களில், எடுத்த காயை எடை போட்டு முடிக்காமல் ஜீப் மலையை விட்டு இறங்காது. இது எனக்குத் தெரியாததா? தெரியும். நினைத்துத்தான் பார்க்கவில்லை.

நாலு மணிக்கு ஆறு பேர் நின்றார்கள். மற்றவர்கள் கேப்டனோடு மலையில் இருந்தார்கள். போன் போட்டேன், டவர் இல்லை. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கார்னர் கொடியைப் பிடுங்கி மறுபடி நட்டேன். நல்லாயிருந்த கோல் வலையை அவிழ்த்துக் கட்டினேன். ஆடுகிற காலத்தில் ஒரு கோல் முன்னால் இருந்தால் குனிந்து லேஸ் கட்டியே நேரத்தைக் கடத்துவேன். அந்தத் திருட்டுத்தனத்தையும் விட்டுவைக்கவில்லை. கண் மட்டும் மலையிலிருந்து இறங்கும் முந்தல் ரோட்டிலேயே இருந்தது.

எதிரணி மேனேஜர் பக்கத்தில் வந்து நின்றார். "அண்ணே, ரூல்சு நீங்க போட்டதுதான?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. பழைய ஜீப் சிநேகத்துக்காகக் காத்திருந்தான் என்று நாளைக்கு ஊரெல்லாம் பேசும். வாக்ஓவர் தாளில் நியாயத்துக்காகக் கையெழுத்துப் போட்டேன் என்று சொன்னால் பொய். பயந்துதான் போட்டேன். மணி நாலு பதினாறு.

எதிரணிக்காரர்கள் பந்தைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தபோது ஜீப் புழுதியோடு மைதானத்துக்குள் வந்தது. காய் எடுத்த பெண்களை வீட்டில் இறக்கிவிடக்கூட நிற்காமல் கேப்டன் நேரே ஓட்டி வந்திருக்கிறான். ஜெர்சியைப் போட்டுக்கொண்டேதான் ஓட்டியிருக்கிறான். பூட்ஸைக் கையில் பிடித்தபடி வெறுங்காலோடு ஓடி வந்தவனிடம் ரெஃப்ரி தாளைக் காட்டினார். அவன் கீழே இருந்த என் கையெழுத்தைப் பார்த்தான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தூக்குவாளியோடு இறங்கிய ஒரு அக்காதான் சத்தம் போட்டாள். "காயி நிறுக்கிற மாசத்துல நாலு மணிக்கு மேட்ச் வச்சது ஆரு? மலையில சோலி எப்ப முடியும்னு தெரியாத ஆளா?"

"விடுக்கா," என்றான் அவன். "அண்ணனும் நம்ம ஜீப்புல வந்தவருதான்."

அவள் என் இஸ்திரிச் சட்டையையும் கழுத்தில் தொங்கிய செயலாளர் அட்டையையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

"அதான் எறங்கிட்டாருல்ல."