இருமியபோது எழுந்த கை

என் அக்கா ஒரு சட்டைத் தொழிற்சாலையில் பதினோரு வருஷம் காலர் தைத்தாள். காலர் எல்லோருக்கும் வராது. இரண்டு முனையும் ஒரே கூராக விழவேண்டும். ஒன்று கொஞ்சம் மழுங்கினாலும் சட்டை முழுக்கக் கோணலாகத் தெரியும். அக்கா தைத்ததைப் பிரிக்கச் சொல்லி யாரும் திருப்பி அனுப்பியதில்லை. அங்கே அவளுக்குப் பெயரே ‘காலர்’தான்.

அவளுடைய வலது கைதான் போனது.

அக்கா வீட்டுக்காரர், என் மாமா, ஓட்டிய ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். கட்டடம் கட்டுகிற ஒரு திருப்பத்தில் மணல் கொட்டிக் கிடந்தது, வண்டி சறுக்கியது. மாமாவுக்கு முழங்காலில் சிராய்ப்போடு போயிற்று. அக்காவின் வலது தோள் தரையில் மோதியது, தலை எதிர்ப்பக்கம் வெட்டி இழுத்தது. ஓர் எலும்பும் உடையவில்லை. ஆனால் கை தோளிலிருந்து ஈரத்துணி மாதிரி தொங்கியது.

நரம்பு அறுவை சிகிச்சை செய்யும் டாக்டரம்மா ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார்.

“கழுத்துப் பக்கம் தண்டுவடத்துல இருந்து அஞ்சு வேர் கிளம்பி கைக்கு வருது. உங்களுக்கு அஞ்சும் பிடுங்கிட்டு வந்துடுச்சு. நடுவுல அறுந்திருந்தா ஒட்டலாம். பிடுங்கினதைத் திரும்ப ஊன முடியாது.”

“அப்போ என்ன வழி?” என்றார் மாமா.

“மூச்சு விடுறதுக்கு உதவுற நரம்புங்க விலா எலும்புங்களுக்கு நடுவுல ஓடுது. அதுல மூணை எடுத்து, முழங்கையை மடக்குற தசைக்குப் போற நரம்போட இணைச்சுப் பார்க்கலாம். முழங்கை மடங்க வாய்ப்பு இருக்கு. விரல் வராது. யார் யாருக்கு எவ்வளவு வருதுன்னு ஒரு ஆராய்ச்சியும் பண்றோம். சேர்ந்தீங்கன்னா மூணு மாசத்துக்கு ஒரு தடவை வரணும். சேரலைன்னாலும் ஆபரேஷன் உண்டு.”

மாமா காதில் ‘வாய்ப்பு இருக்கு’ என்பது மட்டும் விழுந்தது. அக்கா காதில் ‘விரல் வராது’ என்பது விழுந்தது. ஆபரேஷனுக்கும் ஆராய்ச்சிக்கும் அவள் இடது கையால், எழுதப் பழகும் குழந்தை மாதிரி கையெழுத்துப் போட்டாள்.

ஆபரேஷன் ஒரு நாள் வேலை. அதற்குப் பிறகுதான் இழுத்தது. நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வளருமாம். அது விலாவிலிருந்து மேல்கைக்குப் போய்ச் சேரும்வரை செய்வதற்கு ஒன்றுமில்லை.

அவர்கள் குடியிருந்தது மூன்றாவது மாடி. மாமா பஸ் டிப்போவில் மெக்கானிக். காலையில் எழுந்து அவளுக்குத் தலை வாரி, பொத்தான் போட்டு, சோற்றைப் பிசைந்து கிண்ணத்தில் வைத்து மூடிவிட்டுப் போவார். அந்த வீட்டுக் கதவுக்குப் பழைய தாழ்ப்பாள். ஒரு கையால் கதவை அழுத்திக்கொண்டு மறுகையால் தாழை இழுத்தால்தான் நகரும். ஒற்றைக் கையால் உள்ளேயிருந்து போடவும் முடியாது, எடுக்கவும் முடியாது. அதனால் மாமா வெளியே பூட்டிக்கொண்டு போனார். சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து திறப்பார்.

“தாழ்ப்பாளை மாத்திடுங்களேன்” என்று அக்கா சொல்வாள்.

“மாத்திடலாம்மா. இந்த வாரம் போகட்டும்.”

வாரங்கள் போயின. டிப்போவில் பஸ் எஞ்சினையே கழற்றி மாட்டுகிறவர் அவர். எனக்குக் கோபம் வந்து ஒருநாள் கேட்டுவிட்டேன். “படிக்கட்டு செங்குத்தா இருக்கு. கை பேலன்ஸ் இல்லாம இறங்கினா? இன்னொரு தடவை என்னால அவ விழறதைப் பார்க்க முடியாது” என்றார். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. அழுகிற மனிதரோடு என்னவென்று சண்டை போடுவது? அக்காவுக்கும் அதே கஷ்டம். அவர் திட்டியிருந்தால் அவள் திருப்பித் திட்டியிருப்பாள். அவரோ அவள் காலில் செருப்பு மாட்டிவிட்டுக்கொண்டிருந்தார்.

அதோடு எரிச்சல் வேறு. ஊசியால் குத்தினால் தெரியாத கை, உள்ளே எரிந்தது. “கொதிக்கிற எண்ணெயில யாரோ என் விரலை முக்கிப் பிடிச்சுக்கிட்டு விட மாட்டேங்குற மாதிரி இருக்குடி” என்றாள். மாத்திரை அரை நாள் தூங்க வைத்தது, எரிச்சலை அணைக்கவில்லை. பூட்டிய வீட்டில், மதிய வெயிலில், செத்த கையை மடியில் போட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்திருப்பாள். ஜன்னலுக்கு எதிரே பக்கத்துக் கட்டடத்தின் சுவர்தான். அந்தச் சுவரின் வெடிப்புகள் அவளுக்கு மனப்பாடம்.

ஆபரேஷன் முடிந்த எட்டாம் மாதம், சளி பிடித்திருந்த ஒரு பகலில், அக்கா தனியாக உட்கார்ந்து இருமினாள். மடியில் கிடந்த கை துள்ளியது.

அவள் பயந்துவிட்டாள். ஏதோ பூச்சி என்று நினைத்தாளாம். மறுபடி வேண்டுமென்றே இருமினாள். முழங்கைக்கு மேலே சதை சுருங்கி, கை ஒரு விரல்கடை எழுந்து விழுந்தது. பிறகு இருமாமல், மூச்சை நன்றாக இழுத்து நிறுத்திப் பார்த்தாள். அப்போதும் எழுந்தது. மூச்சுக்கான நரம்பு கைக்கு வந்து சேர்ந்திருந்தது.

அன்று மாலை மாமா வந்து கதவைத் திறந்தபோது அவள் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. ஆறு வாரம் யாருக்கும் தெரியாமல் அந்த அறைக்குள் மூச்சை இழுத்து இழுத்துப் பழகினாள்.

அடுத்த பரிசோதனைக்கு நானும் கூடப் போனேன். பிசியோதெரபிஸ்ட் கையை மடக்கச் சொன்னார். அக்கா மூச்சை இழுத்தாள். கை பாதி தூரம் மடங்கி நின்றது. பிசியோதெரபிஸ்ட் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். மாமா சிரிக்கவில்லை.

“எப்போ இருந்து?” என்றார்.

“ஒன்றரை மாசமா.”

“எங்கிட்ட சொல்லணும்னு தோணலையா?”

“தோணலை.”

“ஏம்மா?”

“எனக்குன்னு நடந்தது அது ஒண்ணுதாங்க. சாப்பாடு நீங்க வைக்கிறீங்க, தலை நீங்க வாருறீங்க, கதவை நீங்க திறக்குறீங்க. இதையாவது நானே வச்சுக்கலாம்னு பார்த்தேன்.”

மாமா அறையை விட்டு வெளியே போய் ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். “நான் அவளைப் பூட்டியா வச்சிருந்தேன்?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல. மறுநாள் லீவு போட்டுவிட்டு, ஒரு கையாலேயே போட்டுத் திறக்கிற தாழ்ப்பாள் ஒன்றை வாங்கி வந்து மாட்டினார்.

இரண்டு மாதம் கழித்து டாக்டரம்மா அவளை மற்ற டாக்டர்கள் முன்னால் கூப்பிட்டார். அக்கா கையை மடக்கிக் காட்டினாள். ஆராய்ச்சி முடிவுகளைக் காட்டிய திரையில் அவளுக்கு நேராக ‘நல்ல பலன்’ என்று இருந்தது. ஒருவர் கேட்டார்: “உங்களுக்குத் திருப்தியா?”

“முழங்கை மடங்குது. அதை எழுதியிருக்கீங்க. விரல் மடங்கலை, எரிச்சலும் போகலை. அதுக்கு உங்க தாள்ல இடமே காணோமே” என்றாள்.

டாக்டரம்மா குறித்துக்கொண்டார். அடுத்த முறை போனபோது படிவம் ஒரு பக்கம் நீண்டிருந்தது. வலி எவ்வளவு, எத்தனை மணி நேரம், வீட்டுக்கு வெளியே எத்தனை முறை போனீர்கள் என்றெல்லாம் கேட்டது.

தொழிற்சாலையில் அவளைத் திரும்ப எடுக்கவில்லை. இப்போது ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். துணியை மடித்து வலது முழங்கையின் மடிப்பில் தொங்கவிட்டு, இடது கையால் வெட்டுவாள். முதல் வருஷம் துணியைப் பிடிக்க மூச்சைப் பிடிக்க வேண்டியிருந்தது. பேசினால் துணி நழுவியது. “வாயாடிக்கு இது நல்ல தண்டனை” என்று நான் கேலி செய்வேன். போகப் போக மூளை பழகி, மூச்சு வேறு கை வேறு என்று ஆகிவிட்டது. தும்மினால் மட்டும் இன்னும் துள்ளும்.

எரிச்சல் அப்படியே இருக்கிறது. தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு ஆரம்பிக்கும். போன மாதம் டாக்டரம்மா இன்னொரு ஆபரேஷனைப் பற்றிச் சொன்னார். வேர்கள் பிடுங்கிய இடத்தில், தண்டுவடத்திலேயே, வலியைக் கிளப்பும் புள்ளிகளைச் சுட்டுவிடலாமாம். பலருக்கு வலி குறைகிறது. சிலருக்கு அந்தப் பக்கத்துக் கால் தளர்ந்துபோகிறது.

மாமா என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், அப்புறம், “நீ சொல்றதுதான்” என்றார். அதைச் சொல்ல அவர் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது.

“கால் போனா மறுபடி மூணாவது மாடியிலதான் கிடக்கணும். எனக்கு வேண்டாம் டாக்டர்” என்றாள் அக்கா. “இதுல ஆபத்து இல்லாம எப்போ பண்ண முடியுமோ அப்போ கூப்பிடுங்க. அதுவரைக்கும் எரியட்டும்.”

வெளியே வந்ததும் மணி பார்த்தாள். கடைக்கு நேரமாகிவிட்டது என்று எங்களை விட்டுவிட்டு வேகமாக நடந்தாள்.